எல்லை காட்டும் எண்கள்
காணி விவரத்தைக் கணனியில் பதியும்போது கவனிக்க வேண்டியவை

எல்லை என்பது நமது ஊர்களில் சின்ன விடயம் அல்ல. ஒரு கதியால் ஓரடி தள்ளி நடப்பட்டதற்காகப் பரம்பரையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. கிணற்றுப் பங்கு, வாய்க்கால் வழி, வண்டிப் பாதை என்று காணியோடு ஒட்டிய உரிமைகள் எல்லாம் எல்லை எங்கே என்ற ஒரு கேள்வியில்தான் தங்கி நிற்கின்றன.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. ஊரில் இருந்தபோது எல்லையைக் காட்ட வேலி இருந்தது, பூவரசு இருந்தது, மூலையில் ஒரு பனை இருந்தது. திரும்பிப் போய்ப் பார்க்கும்போது வேலி இல்லை. பனை தறிக்கப்பட்டிருக்கிறது. கிணறு தூர்ந்து, பற்றை மூடிக் கிடக்கிறது. "இதிலேதான் எங்கள் வடக்கு மூலை" என்று கை நீட்டிச் சொல்லக்கூடிய முதியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

இந்த நிலையில் பல கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒரு நல்ல வேலையில் இறங்கியிருக்கின்றன. ஊர் இளைஞர்கள் கைத்தொலைபேசியிலுள்ள ஜீ.பீ.எஸ். கருவியைக் கொண்டு காணி மூலைகளையும் கிணறுகளையும் அளந்து, அந்த எண்களைக் கணனியில் பட்டியலாகச் சேர்க்கிறார்கள். இது பாராட்டப்பட வேண்டிய முயற்சி. ஆனால் எண்ணை எடுப்பதில் காட்டும் கவனம், அதைக் கணனியில் எந்தப் பெட்டியில் போட்டு வைப்பது என்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. நல்ல விதைநெல்லை ஓட்டைச் சாக்கில் கட்டினால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும். இந்தக் கட்டுரையில் அந்தச் சாக்கைப் பற்றியே பேசுவோம். கணனி படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள்

பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். பூமத்திய கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தூரம் என்பதைக் காட்டுவது அகலாங்கு. இங்கிலாந்தின் கிறீனிச் வழியாகச் செல்லும் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பதைக் காட்டுவது நெட்டாங்கு. இரண்டும் பாகையில் அளக்கப்படும். யாழ்ப்பாண நகரின் அகலாங்கு ஏறத்தாழ 9.66 பாகை வடக்கு. நெட்டாங்கு ஏறத்தாழ 80.02 பாகை கிழக்கு.

நமது பகுதியில் ஒரு பாகை என்பது நிலத்தில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ஆகவே "9 பாகை, 80 பாகை" என்று மட்டும் சொன்னால் காணியைக் கண்டுபிடிக்க முடியாது. புள்ளிக்குப் பின்வரும் தசம இலக்கங்களே இடத்தைக் காட்டுகின்றன. ஓர் இலக்கம் கூடும்போது இடம் பத்து மடங்கு நுணுக்கமாகிறது:

ஒரு தசம இலக்கம் – 11 கிலோமீற்றர்
இரண்டு – 1.1 கிலோமீற்றர்
மூன்று – 110 மீற்றர்
நான்கு – 11 மீற்றர்
ஐந்து – 1.1 மீற்றர், அதாவது மூன்றரை அடி
ஆறு – 11 சென்ரிமீற்றர், நாலங்குலத்துக்குச் சற்று மேல்
ஏழு – ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்

இதைக் காணிக் கணக்கில் பார்ப்போம். இரண்டு பரப்புக் காணி என்பது 20 பேர்ச். அதாவது ஏறத்தாழ 506 சதுர மீற்றர். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 22.5 மீற்றர் வரும். நான்கு தசம இலக்கத்தோடு எண்ணை வெட்டி மட்டந்தட்டினால் ஒரு பக்கத்து எல்லை ஐந்தரை மீற்றர் வரை விலகலாம். அப்படி விலகினால் 124 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ அரைப் பரப்பு, கணக்கில் கூடவோ குறையவோ செய்யும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் விலகல் 55 மீற்றர் வரை போகும். அப்போது உங்கள் காணி முழுவதுமே அடுத்தவர் காணியையும் தாண்டிப் போய் நிற்கும்.

கணனியின் பெட்டிகள்

கணனியில் தரவுத்தளம் ஒன்றை அமைக்கும்போது, ஒவ்வொரு நிரலிலும் எவ்வகையான தரவு வரும் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். நெல்லுக்குச் சாக்கு, பாலுக்குப் போத்தல் என்பது போல, எண்ணுக்கும் பல வகைப் பெட்டிகள் உள்ளன. இட எண்களுக்குப் பொதுவாக ஐந்து பெட்டிகளில் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள்.

முதலாவது, ரெக்ஸ்ற் எனப்படும் எழுத்துப் பெட்டி. இதில் எழுதியது எழுதியபடியே இருக்கும். ஆனால் கணனி அதை எண்ணாகக் கருதாது. தூரமோ பரப்பளவோ கணக்கிட முடியாது. ஒருவர் "9.66" என்றும், இன்னொருவர் "9 பாகை 40 கலை" என்றும், வேறொருவர் "தெரியாது" என்றும் எழுதினாலும் அது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். தவறைத் தடுக்காத பெட்டி இது.

இரண்டாவது, புளோட் எனப்படும் சிறிய மிதவைப் பெட்டி. கூடிய கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

கணனி நம்மைப் போலப் பத்துப் பத்தாக எண்ணுவதில்லை. அது பாதி பாதியாகவே பிரிக்கும். ஒரு கயிற்றை எடுத்து மடித்துப் பாருங்கள். பாதி, கால், அரைக்கால் என்று சரியாக மடிக்கலாம். ஆனால் பாதி பாதியாக மட்டுமே மடித்து, கயிற்றில் சரியாகப் பத்தில் ஒரு பங்கை எடுக்க முடியுமா? எத்தனை முறை மடித்தாலும் சற்று முன்னே அல்லது சற்றுப் பின்னேதான் நிற்கும். 0.1 என்ற எளிய எண்ணைக்கூடக் கணனி இப்படி மிகக் கிட்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறது. எத்தனை முறை மடிக்கலாம் என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. 1985ஆம் ஆண்டில் வெளியான 754ஆம் இலக்க நியமப்படி, புளோட் பெட்டியில் எண்ணின் இலக்கங்களுக்கு 24 அறைகள்தான் இருக்கின்றன.

இனிக் கணக்கைப் பாருங்கள். 80 என்ற முழு எண்ணை எழுதுவதற்கே 7 அறைகள் போய்விடும். எஞ்சுவது 17 அறைகள். அவற்றைக் கொண்டு ஒரு பாகையை 131,072 பங்காகப் பிரிக்கலாம். ஏறத்தாழ 110 கிலோமீற்றரை அத்தனை பங்காக்கினால் ஒரு பங்கு 84 சென்ரிமீற்றர், அதாவது இரண்டே முக்கால் அடி. புளோட் பெட்டி உங்கள் எல்லைக் கதியாலை இந்தப் படிகளில் ஒன்றின் மேல்தான் நட முடியும். இரண்டு படிகளுக்கு நடுவே நட முடியாது. ஆகவே கிழக்கு மேற்காக 42 சென்ரிமீற்றர் வரை விலகல் வரலாம்.

அகலாங்கின் நிலை வேறு. 9 என்ற எண்ணுக்கு 4 அறைகள் போதும். எஞ்சிய 20 அறைகளும் பின்னத்துக்குக் கிடைப்பதால், அங்கே ஒரு படி 10 சென்ரிமீற்றர் அளவே. ஒரே காணியில் வடக்குத் தெற்கு எல்லை ஓரளவு சரியாகவும், கிழக்கு மேற்கு எல்லை அதைவிட எட்டு மடங்கு கரடுமுரடாகவும் நிற்கும் விந்தை இதனால்தான் நேர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 80.023456 என்று அளந்து எழுதுகிறோம். புளோட் பெட்டி அதை 80.023453 என்றே வைத்துக்கொள்ளும். வித்தியாசம் நிலத்தில் 36 சென்ரிமீற்றர், ஓரடிக்கு மேல். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சில தரவுத்தள மென்பொருள்கள் புளோட் எண்ணை வெளியே காட்டும்போது மொத்தம் ஆறு இலக்கங்களையே காட்டும். அப்போது திரையில் வருவது 80.0235. இதைப் பார்த்து இன்னொருவர் வேறு பட்டியலில் எழுதிக்கொண்டால், எல்லை ஏறத்தாழ ஐந்து மீற்றர் நகர்ந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கதியாலைப் பிடுங்கவும் இல்லை. ஆயினும் எல்லை நகர்ந்துவிட்டது.

மூன்றாவது, டபுள் எனப்படும் பெரிய மிதவைப் பெட்டி. முறை அதேதான், ஆனால் 53 அறைகள் உண்டு. 80க்கு 7 போனாலும் 46 எஞ்சும். அங்கே ஒரு படியின் அளவு தலைமயிரின் தடிப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது. எந்த நில அளவைக்கும் இது தாராளமாகப் போதும். வரைபட மென்பொருள்கள் தூரத்தையும் பரப்பளவையும் கணக்கிடுவது பெரும்பாலும் இந்த வகை எண்களில்தான்.

நான்காவது, டெசிமல் எனப்படும் நிலைத் தசமப் பெட்டி. இது நாம் தாளில் எழுதுவது போலப் பத்துப் பத்தாகவே வைத்துக்கொள்ளும். எழுதிய இலக்கம் ஒன்றும் மாறாது. டெசிமல் (9,6) என்று அமைத்தால் மொத்தம் ஒன்பது இலக்கங்கள், அவற்றில் புள்ளிக்குப் பின் ஆறு என்பது பொருள். நெட்டாங்கு உலகில் 180 வரை போகும் என்பதால் புள்ளிக்கு முன் மூன்று இலக்கங்கள் தேவை. அகலாங்கு 90ஐத் தாண்டாது என்பதால் (8,6) போதும். பட்டியலைத் தாளில் அச்சிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் சங்கங்களுக்கு இது மிகவும் வசதி. தாளில் இருப்பதும் கணனியில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும்.

ஐந்தாவது, முழு எண் பெட்டி. பாகையை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைப்பது இந்த முறை. 80.0234560 என்பது 800234560 ஆகிவிடும். சாதாரண முழு எண் பெட்டி 214 கோடிக்கு மேல் கொள்ளும். நமக்குத் தேவையான மிகப் பெரிய எண் 180 கோடி. ஆகவே இடம் போதும், ஏழு தசம இலக்கமும் பத்திரமாக இருக்கும். உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற வரைபடத்தின் தரவுத்தளம் இம்முறையையே கையாளுகிறது. ஆனால் ஒரு கோடியால் பெருக்கியிருக்கிறோம் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எதைத் தெரிவு செய்வது?

ஊர்ச் சங்கத்தின் காணிப் பட்டியலுக்கு நாம் பரிந்துரைப்பது இதுதான். எண்ணைப் பதிந்து வைத்து, வாசித்து, ஒப்பிடுவது மட்டும் நோக்கமானால் டெசிமல் பெட்டியில் ஆறு தசம இலக்கத்தோடு வையுங்கள். வரைபடம் கீறுதல், பரப்பளவு கணக்கிடுதல் ஆகியவையும் நோக்கமானால் டபுள் பெட்டி நல்லது. நில அளவையாளர் தமது நுண்கருவியால் சென்ரிமீற்றர் அளவில் எடுத்துத் தந்த எண்களானால் டபுள் பெட்டியில், அல்லது எட்டுத் தசம இலக்கமுள்ள டெசிமல் பெட்டியில் வையுங்கள். புளோட் பெட்டியை இட எண்ணுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

"புளோட் பெட்டி இடத்தை மிச்சப்படுத்துமே" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஆயிரம் காணிகள், காணிக்கு நான்கு மூலைகள், மூலைக்கு இரண்டு எண்கள். மொத்தம் 8,000 எண்கள். டபுள் பெட்டி ஓர் எண்ணுக்கு 8 பைற் எடுக்கும், புளோட் 4 பைற். முழு ஊருக்கும் சேர்த்து 64,000 பைற்றுக்குப் பதில் 32,000 பைற். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு படம்கூட இதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஒரு படத்துக்குக் கொடுக்கும் இடத்தை ஓர் ஊரின் எல்லைகளுக்குக் கொடுக்கத் தயங்க வேண்டுமா?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஒருமுறை வெட்டுப்பட்ட இலக்கம் திரும்பி வராது. புளோட் பெட்டியில் போட்ட எண்ணைப் பின்னர் டபுள் பெட்டிக்கு மாற்றினாலும் பழைய எண் மீளாது. தூற்றும்போது பதரோடு பறந்த நெல்லைப் பெரிய சாக்கு வாங்கி மீட்க முடியாது. அதனால்தான் அளந்தவுடன் எண்ணை ஒரு கொப்பியிலும் கையால் எழுதி வையுங்கள் என்று சொல்கிறோம்.

இலக்கம் கூடினால் உண்மை கூடுமா?

இங்கே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசி சில வேளை புள்ளிக்குப் பின் பன்னிரண்டு, பதினான்கு இலக்கங்களைக் காட்டும். அதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. வெட்டவெளியில் சாதாரணத் தொலைபேசியின் வாசிப்பு ஏறத்தாழ ஐந்து மீற்றருக்குள் சரியாக இருக்கும். அடர்ந்த மரங்களின் கீழும் உயர்ந்த சுவர்களின் அருகிலும் விலகல் கூடும். பெட்டி எவ்வளவு நுணுக்கமானாலும் கருவியின் விலகலை அது திருத்தாது. நல்ல பெட்டி செய்வது ஒன்றுதான்: கருவி தந்ததை மேலும் கெடுக்காமல் காப்பது.

பழைய வாசிப்புகளைப் பயன்படுத்துவோரும் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, ஐக்கிய அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜீ.பீ.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வழங்கியது. அக்காலத்தில் 100 மீற்றர் வரை விலகல் சாதாரணம். 1990களில் எடுத்த எண் ஆறு இலக்கத்தோடு இருந்தாலும், அது காணியின் மூலையைக் காட்டும் என்று நம்பிவிட வேண்டாம்.

ஆகவே பட்டியலில் இட எண்களோடு இன்னும் சில நிரல்களை வையுங்கள். எந்தத் திகதியில் அளந்தது, எந்தக் கருவியால் அளந்தது, கருவி காட்டிய விலகல் எத்தனை மீற்றர், எந்த அடிப்படைமுறையில் அளந்தது. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஜீ.பீ.எஸ். கருவி டபிள்யூ.ஜீ.எஸ். 84 என்ற உலக அடிப்படையில் எண் தரும். நமது நாட்டின் பழைய வரைபடங்கள் கந்தவளை என்ற அடிப்படையில் அமைந்தவை. இரண்டும் ஒரே இடத்துக்கு வேறு வேறு எண் தரும். பெயரைக் குறிக்காமல் கலந்துவிட்டால் இடம் நூறு மீற்றருக்கும் மேல் விலகிப் போகும்.

அடிக்கடி நேரும் நான்கு தவறுகள்

ஒன்று: பாகை, கலை கணக்கைத் தசமமாக எழுதுவது. ஒரு பாகைக்கு 60 கலை. 9 பாகை 40 கலை என்பது 9.6667. அதை 9.40 என்று எழுதினால் இடம் 29 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய்விடும்.

இரண்டு: இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதுவது. யாழ்ப்பாணத்துக் காணி ஒன்றின் எண்களை மாற்றிப் போட்டால், அது நோர்வேக்கு வடக்கே சுவால்பார்ட் தீவுகளை அண்டிய ஆர்க்டிக் கடலில் போய் விழும். இலங்கையில் அகலாங்கு 5.9க்கும் 9.9க்கும் இடையிலும், நெட்டாங்கு 79.5க்கும் 82க்கும் இடையிலும்தான் வரும். இதற்கு வெளியேயுள்ள எண்ணை ஏற்காதபடி தரவுத்தளத்தில் கட்டுப்பாடு போடலாம்.

மூன்று: அளக்காத காணிக்குச் சுழியம் போடுவது. சுழியம், சுழியம் என்பதும் ஓர் இடம்தான். அது மேற்கு ஆபிரிக்காவை அடுத்த கடலில் இருக்கிறது. தெரியாததை வெற்றிடமாகவே விடுங்கள்.

நான்கு: எக்செல் போன்ற அட்டவணையில் இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி வைத்து, பின்னர் அதைச் சாதாரணக் காற்புள்ளிக் கோப்பாகச் சேமிப்பது. கண்ணுக்குத் தெரிந்த இலக்கங்கள் மட்டுமே கோப்பில் போய்ச் சேரும். மற்றவை தொலைந்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

எவராவது உங்கள் காணியை அளந்து எண் எடுக்க வந்தால் நாலு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் பதிகிறீர்கள்? கணனியில் எந்த வகைப் பெட்டியில் வைக்கிறீர்கள்? எமக்கு ஒரு பிரதி தருவீர்களா? இதை யார் யார் பார்ப்பார்கள்? உங்கள் காணி எங்கே இருக்கிறது என்பது உங்கள் குடும்பத்தின் விவரம். அது யார் கையிலும் கேட்பாரின்றிப் போகக் கூடாது.

பதிந்து முடிந்தபின் ஒரு சோதனையும் செய்யலாம். கணனியிலுள்ள எண்ணை வெளியே எடுத்து, கொப்பியில் எழுதிய எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். கடைசி இலக்கங்கள் மாறியிருந்தால் பெட்டி பிழை என்று அறிந்துகொள்ளலாம். கணனி தெரியாத ஒரு தாயாலும் இந்தச் சோதனையைச் செய்ய முடியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வைக்கிறோம். இந்த எண்கள் காணி உறுதிக்கோ அனுமதிப்பத்திரத்துக்கோ நில அளவையாளரின் வரைபடத்துக்கோ ஈடாகா. உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் பிரதி எடுக்க முயலுங்கள். எண்கள் செய்யும் உதவி வேறு. பற்றைக்குள் மறைந்த கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க அவை உதவும். நில அளவையாளர் வரும்போது எங்கே தொடங்குவது என்று காட்டும். ஊரை ஒருநாளும் கண்டிராத பேரப்பிள்ளைக்குப் பாட்டனின் வயல் எது என்று சொல்லும். கண்ணிவெடி அகற்றுவோரும் ஆபத்தான நிலத்தின் மூலைகளை இத்தகைய எண்களாகவே பதிகிறார்கள். அங்கே ஓர் இலக்கம் குறைவது உயிரோடு விளையாடுவது ஆகும்.

வரம்பு கட்டும்போது நூல் பிடித்துக் கட்டியவர்கள் நீங்கள். அதே கவனத்தை இந்த எண்களிலும் காட்டுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பட்டியலைத் திறந்து, இட எண்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று பாருங்கள். புளோட் என்றிருந்தால், கொப்பிகள் கையில் இருக்கும்போதே மாற்றி, எண்களை மீண்டும் கொப்பியிலிருந்து பதிந்துவிடுங்கள்.